ஒரே ஒரு ஓட்டுக்கு இவ்வளவு கிராக்கியா? - ‘மண்டேலா’வை இன்னொரு முறை பார்க்கலாம், வாங்க!

2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் ஓயும் நாள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தியவர்கள் எல்லாம் தொண்டை கட்டிப்போய் கடைசி ரவுண்டு வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் விஜய் டிவி-யில் ‘மண்டேலா’ நேரடியாக ஒளிபரப்பானது. தியேட்டருக்கு வராமலேயே வீட்டுக்கு வந்த படம். அடுத்து நெட்ஃப்ளிக்ஸிலும் வந்தது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு.

அந்த ஞாயிறு நான் ஊரில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். முந்தின நாள் ராத்திரிதான் அந்த வீட்டுக்குக் கவர் வந்திருந்தது. எந்தக் கட்சி, எவ்வளவு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாலு ஓட்டு, நாலு கவர். கையில் லிஸ்ட் வைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு மட்டும் கோபம். “அஞ்சு பேரு இருக்கோம், நாலு பேருக்குத்தான் குடுத்துட்டுப் போறானுக. பிள்ளைக்கு எங்கே?” பிள்ளை என்றது சித்தப்பா மகள். அந்த பிப்ரவரியில்தான் அவளுக்கு 18 முடிந்திருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்குக் கவர் ஏது?

மறுநாள் டிவி-யில் யோகி பாபு ஆலமரத்தடியில் உட்கார்ந்து கத்திரியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியல் என்ன... பெயரே இல்லை. அப்பத்தா படத்தை விட்டு நகரவில்லை.

தேர்தல் விழிப்புணர்வுப் படம் என்றால் நமக்கு ஒரு பயம் உண்டு. கடைசி பத்து நிமிஷம் ஹீரோ கேமராவைப் பார்த்துப் பேசுவார், பின்னணியில் தேசியக் கொடி பறக்கும். ‘மண்டேலா’ அந்தப் பக்கமே போகவில்லை என்பதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதன் மீம்ஸ் நம் போனுக்கு வந்து சேர்கிறது. பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். க்ளைமாக்ஸை மட்டும் சொல்ல மாட்டேன்!

கக்கூஸில் ஆரம்பிக்கும் கதை

சூரங்குடி என்று ஒரு கற்பனைக் கிராமம். வடக்கூர், தெற்கூர் என இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவில் சாதி. ஊருக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை கட்டித் தருகிறார்கள். அதை யார் முதலில் பயன்படுத்துவது என்பதில் சண்டை வந்து, கழிப்பறை உடைந்துபோகிறது. படத்தின் முதல் சில நிமிஷங்களிலேயே இவ்வளவும் முடிந்துவிடும். ‘கிடைச்சா எனக்குக் கிடைக்கணும், இல்லைனா யாருக்கும் வேணாம்’ என்ற ஊர் அது என்று புரிந்துவிடுகிறது.

ஊர்ப் பெரியவர் (சங்கிலி முருகன்) இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று பக்கத்துக்கு ஒரு பெண்ணாகக் கல்யாணம் செய்தவர். ஆளுக்கொரு மகன். அவர்கள் இரண்டு பேரும்தான் இப்போது பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மோதுகிறார்கள். ஊருக்கு ஒரு பெரிய தொழிற்சாலை வரப்போகிறது, அதில் தலைவருக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதுதான் அடிப்படை. ஊழலைப் பற்றி அவர்கள் வெட்கமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். யாரையும் ஒளித்துப் பேசவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

இந்த ஊருக்கு முடிவெட்டுபவர்தான் யோகி பாபு. ஊர் வைத்த பெயர் ‘இளிச்சவாயன்’. கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிடுபவர்களுக்கு ‘ஸ்மைல்’. முடிவெட்டுவது மட்டுமில்லை, ஊரில் உள்ள எடுபிடி வேலை எல்லாம் அவர் தலையில்தான். கூலி என்று எதையாவது கையில் திணிப்பார்கள், அதுவும் தோன்றினால். அவருக்குத் துணை கிருதா என்ற பையன். சேர்த்துவைத்த பணம் திருடு போக, “தபால் ஆபீஸில் போட்டு வை” என்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி (ஷீலா ராஜ்குமார்) கேட்கும் முதல் கேள்வி, “உங்க பேர் என்ன?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. கடைசியில் தேன்மொழி வைக்கும் பெயர்தான் நெல்சன் மண்டேலா. பெயர் வந்ததும் அட்டை வருகிறது. அட்டை வந்ததும் ஓட்டு வருகிறது. கவனியுங்கள், அவர் ஓட்டுப் போட ஆசைப்பட்டு அட்டை வாங்கவில்லை. பணத்தைப் பத்திரமாக வைக்க வழி தேடிப் போனவர், போகிற போக்கில் குடிமகனாகிவிடுகிறார்.

அதே நேரம் இரண்டு கோஷ்டியும் உட்கார்ந்து ஓட்டுக் கணக்குப் போடுகிறார்கள். இந்த வீட்டில் இத்தனை, அந்த வீட்டில் இத்தனை. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. மிச்சம் ஒரே ஒரு ஓட்டு. அது மண்டேலா ஓட்டு!

உங்க ஓட்டுக்கு ஏன் அந்த விலை இல்லை?

இங்கேதான் படத்தின் மூளை இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்’ என்பது எல்லாரும் சொல்லும் விஷயம். அதைச் சொல்ல ஒரு போஸ்டர் போதும். இந்தப் படம் அதற்குக் கொஞ்சம் எதிரான ஒன்றைச் சொல்கிறது. அந்த ஊரில் மண்டேலாவைத் தவிர மற்ற எல்லாரிடமும் ஓட்டு இருக்கிறது. பல தேர்தல்களாக இருக்கிறது. அந்த ஓட்டுகளுக்கு ஒரு தெருவிளக்குகூட வரவில்லை. ஏன்? அவை யாருக்கு விழும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். சாதியைப் பார்த்தாலே ஓட்டு தெரிந்துவிடுகிறது என்றால், அந்த ஓட்டுக்காக எந்த வேட்பாளர் மெனக்கெடுவார்?

மண்டேலா ஓட்டுக்கு மட்டும் ஏன் செருப்பு, சாப்பாடு, முடிதிருத்தும் கடை என்று வரிசையாக வந்து விழுகிறது? அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் காரணம். அந்த ஊரிலேயே உண்மையான ‘ரகசிய வாக்கு’ அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று வரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை இன்றைக்கு இரண்டு கோஷ்டியும் போட்டிபோட்டுத் தாங்கும் காட்சிகளில் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். யோகி பாபு மற்ற படங்களில் மாதிரி கவுன்ட்டர் அடிக்கவே மாட்டார். திருதிருவென முழிப்பார். மரியாதை கிடைத்துப் பழக்கமில்லாத ஒருவனுக்கு மரியாதை கிடைத்தால் எப்படிக் கூச்சப்படுவானோ அந்தக் கூச்சம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூச்சம் போய், கேட்டு வாங்கும் ருசி வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிறார். நம் ஹீரோ ஒன்றும் உத்தமன் இல்லை. இயக்குநர் மடோன் அஷ்வின் அவரை உத்தமனாக்க அவசரப்படவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஓட்டு ஏலத்துக்கே போகிறது!

ஏலம் என்றதும் ‘சினிமாத்தனம்’ என்று நினைத்தீர்களா? நிஜத்தில் இன்னும் மோசம். படத்தில் ஒரு ஓட்டைத்தான் ஏலம் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாக 2019 உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் செய்திகள் வந்தன, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கவும் செய்தது. கோயில் திருப்பணிக்கு அதிகப் பணம் தருபவர் தலைவர், மற்றவர்கள் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘போட்டியின்றித் தேர்வு’ என்று பேப்பரில் அழகாக வந்துவிடும். ஊரில் யாரும் ஓட்டே போட வேண்டாம்.

சூரங்குடியில் சாதிச் சண்டை காமெடியாக இருக்கிறது. நிஜ ஊர்களில் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல்... தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996-லிருந்து பத்து ஆண்டுகள் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியாமல் கிடந்த ஊராட்சிகள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைத்தார்கள். மேலவளவில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997-ல் அவரையும் அவருடன் இருந்தவர்களையும் ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ‘மண்டேலா’ பார்த்துச் சிரிக்கும்போது தொண்டையில் எங்கேயோ முள் மாதிரி குத்துவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சமமாக விழுந்தால் சட்டம் என்ன செய்யும்?

படம் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மண்டேலா ஓட்டே போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் சம ஓட்டு. அப்போது என்ன ஆகும்? குலுக்கல்தான்! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்வது அதுதான். சம வாக்கு வந்தால் தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்கிப் போடுவார், யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு. உள்ளாட்சித் தேர்தலிலும் இதே வழக்கம்தான். 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220-வது வார்டில் பாஜக-வின் அதுல் ஷாவும் சிவசேனாவின் சுரேந்திர பகல்கரும் ஆளுக்கு 5,946 ஓட்டு வாங்கினார்கள். மறு எண்ணிக்கை நடத்தியும் சமம்தான். கடைசியில் குலுக்கலில் அதுல் ஷா ஜெயித்தார். கமிஷன் கனவில் இருக்கும் சூரங்குடி சகோதரர்கள் குலுக்கலை நம்பி இருப்பார்களா என்ன?

‘ஒரு ஓட்டில் ஜெயிப்பதெல்லாம் சினிமாவில்தான்’ என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். அவருக்காக இரண்டு கணக்கு. 2004 கர்நாடக சட்டமன்றத் தேர்தல், சந்தேமரஹள்ளி தொகுதி. காங்கிரஸின் துருவநாராயணா 40,752. எதிர்த்து நின்ற ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751. அடுத்தது 2008 ராஜஸ்தான், நாத்துவாரா தொகுதி. மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி.ஜோஷி 62,215 ஓட்டு வாங்கினார், எதிரில் நின்றவருக்கு 62,216. கட்சி ஜெயித்தது, முதல்வர் பதவிக்கு அடிபட்ட பெயர் தோற்றது. இவ்வளவு ஏன், 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததே நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டில்தான். 269-க்கு 270!

நம் ஊர்க்கதைக்கு வருவோம்

2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தது தேர்தல் ஆணையம். இரண்டுக்கும் நவம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்து. டிசம்பரில் திரும்ப நடந்தது. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. பணப் புகாரால் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. ‘ஓட்டுக்குப் பணம்’ என்ற பாடத்தில் நமக்கு மாநில அளவில் இல்லை, தேசிய அளவிலேயே ரேங்க் உண்டு!

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கொடுப்பது மட்டும் குற்றமில்லை, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவு லஞ்சத்தை அப்படித்தான் விளக்குகிறது. 173-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இது இருந்ததுதான். ஆனால், ஒரு தெருவே வாங்கினால் யாரைப் பிடிப்பது? மண்டேலா மாதிரி தனியாக ஓர் ஆள் என்றால் எல்லாருக்கும் கண் உறுத்தும். எல்லாரும் வாங்கினால் அது ‘வழக்கம்’.

“வாங்கிக்கோ, ஓட்டை மனசாட்சிப்படி போடு” என்பது இன்னொரு பிரபல அறிவுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்கள் விஷயத்தில் அது வேலைக்கு ஆகாது. “உப்பத் தின்னுட்டு எப்படிம்மா?” என்பார். கவரோடு சேர்த்து ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது கொடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். கூடவே ஒரு பயம், ‘யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமோ?’

தெரியாது. இதை நன்றாக மனதில் வையுங்கள். இயந்திரத்தில் பட்டனை அழுத்தியதும் பக்கத்தில் உள்ள விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரியும். பிறகு அது பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். உங்கள் கைக்கு வராது, ஏஜென்ட் கண்ணுக்கும் தெரியாது. உள்ளே நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஆனால், ஒரு ஓட்டை இருக்கிறது. தனி ஆளின் ஓட்டு தெரியாது, உங்கள் வாக்குச்சாவடியின் மொத்த ஓட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடும். வாக்குச்சீட்டு காலத்தில், மிரட்டல் இருக்கும் இடங்களில் பல சாவடிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரம் வந்த பிறகு சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. ‘அந்த ஊர்க்காரன் நமக்குப் போடல’ என்று பிறகு சாலை போடும்போது கணக்குத் தீர்த்தால் என்ன செய்வது? பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் ‘டோட்டலைஸர்’ கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. யாருக்கு என்று தெரியாத ஓட்டுக்குத்தான் மரியாதை என்பதை மண்டேலா புரிந்துகொண்ட அளவுக்கு நம் சட்டம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை போல.

சிரிப்பு யாரைப் பார்த்து?

அரசியலைக் கிண்டல் செய்த தமிழ்ப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. சோ தன் நாடகத்தையே படமாக்கிய ‘முகமது பின் துக்ளக்’ 1971-ல் வந்தது. 1994-ல் மணிவண்ணனின் ‘அமைதிப்படை’. தேங்காய் பொறுக்கிய அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ ஆன கதையை மூன்று தலைமுறை மனப்பாடமாகச் சொல்லும். இவற்றில் எல்லாம் நாம் சிரிப்பது அரசியல்வாதியைப் பார்த்து. நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்ற நிம்மதியில் சிரிக்கலாம். ‘மண்டேலா’வில் அந்த நிம்மதி கிடையாது. வேட்பாளர்களைவிட ஓட்டுப் போடும் ஊர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. மண்டேலாவுக்கு மட்டும் இலவசங்கள் குவிவதைப் பார்த்து ஊரார் பொறாமைப்படுவார்கள், கவனித்தீர்களா? அநியாயம் என்று பொங்குவதில்லை. ‘எனக்கு இல்லையே’ என்ற கோபம்தான். அப்பத்தாவின் ஐந்தாவது கவர் மாதிரி.

2017-ல் வந்த இந்திப் படம் ‘நியூட்டன்’ இதற்கு நல்ல ஜோடி. தண்டகாரண்யக் காட்டுக்குள் 76 வாக்காளர்களுக்காகத் தேர்தல் நடத்தப் போகும் குமாஸ்தாவின் கதை. அங்கே அதிகாரிக்கு நேர்மை இருக்கும், வாக்காளருக்குத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாது. சூரங்குடியில் எல்லாருக்கும் தேர்தல் தெரியும். ரொம்ப நன்றாகவே தெரியும். அதுதான் பிரச்னையே.

படத்தில் குறை இல்லையா? இருக்கிறது. முடிதிருத்தும் தொழிலாளர் சமூகத்திலிருந்து படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது, நீதிமன்றம் வரை போனார்கள். ‘எங்களை அவமானப்படுத்தும் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது ஏன்?’ என்ற அவர்களின் கேள்வியை ‘முழுப் படத்தையும் பார்த்தால் புரியும்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அவமானத்தைக் காட்டி அதை எதிர்ப்பதுதான் படத்தின் நோக்கம் என்பது என் எண்ணம். ஆனால், அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித் தெருவில் நிஜமாகவே கூப்பிடப்படும் ஒருவருக்கு, தியேட்டர் சிரிப்பும் தெருச் சிரிப்பும் ஒன்றாகத்தான் கேட்கும். எனக்கு இன்னொரு குறையும் உண்டு. தேன்மொழியைத் தவிர இந்தப் படத்தில் பெண்களுக்கு இடம் குறைவு. வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று ஆண்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண் அமைதியாக வேறு பட்டனை அழுத்தினால் கணக்கு என்னாகும் என்று படம் யோசித்திருந்தால் இன்னொரு ரகளையான காட்சி கிடைத்திருக்கும்.

68-வது தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் என இரண்டும் மடோன் அஷ்வினுக்குக் கிடைத்தன. அடுத்து அவர் சிவகார்த்திகேயனை வைத்து ‘மாவீரன்’ எடுத்தார். ‘மண்டேலா’ 2023-ல் ‘மார்ட்டின் லூதர் கிங்’ என்ற பெயரில் தெலுங்குக்குப் போனது, சம்பூர்ணேஷ் பாபு நடித்தார். ஊர் மாறினாலும் கதை மாறவேண்டிய அவசியம் வரவில்லை.

மரத்தடி முகவரிக்கு அட்டை கிடைக்குமா?

மண்டேலாவுக்கு வீடு கிடையாது. மரத்தடிதான். அப்படிப்பட்டவருக்கு நிஜத்தில் வாக்காளர் அட்டை கிடைக்குமா? கிடைக்கும். வீடற்றவர்கள் முகவரி ஆவணம் தரத் தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. விண்ணப்பத்தில் தான் தூங்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அந்த இடத்துக்கு வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் பார்த்து உறுதி செய்வார். உங்கள் தெருமுனையில், பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நீங்கள் சொல்லலாம்.

புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தம் என்றால் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் செய்யலாம், சந்தேகத்துக்கு 1950 என்ற எண். ‘அட்டைதான் இருக்கே’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது. அட்டை தொலைந்து, பட்டியலில் பெயர் இருந்தால் ஆணையம் அனுமதித்த வேறு அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அதனால் முதலில் பட்டியலைப் பாருங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் பணப் பட்டுவாடாவைப் பார்த்தால் ‘சி-விஜில்’ மூலம் போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்குறுதி. மண்டேலா போட்டியிட்டவர்களை ஆட்டிவைத்தது பஞ்சாயத்துத் தேர்தல் என்பதால் அங்கே கதை வேறு. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். நம் கிராமங்களில் ஒரே ஆள் நாலு பதவிக்கு நாலு நிறச் சீட்டில் முத்திரை குத்த வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, அதில் கட்சிச் சின்னமும் இருக்காது. ஆளைப் பார்த்துத்தான் குத்த வேண்டும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வருகிறேன். 2021-ல் அவள் பெயர் விட்டுப்போனதற்கு யார்மீதும் தப்பில்லை. அப்போது ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் அந்த வருஷப் பட்டியலில் இடம். பிப்ரவரியில் பிறந்தவள் ஒரு மாத வித்தியாசத்தில் ஒரு சட்டமன்றத் தேர்தலையே தவறவிட்டாள். 2022-லிருந்து விதி மாறிவிட்டது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நாலு தகுதி நாள்கள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளை இருந்தால் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 19-ம் தேதி அவள் முதல் ஓட்டைப் போட்டாள். அப்பத்தாவைக் கையைப் பிடித்து அவள்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். வெளியே வந்ததும் அப்பத்தா கேட்டாராம், “யாருக்குடி போட்ட?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது அப்பத்தா. நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“நான் மட்டும் சொல்லிருவேனாக்கும்!”